குசினிக்குள் ஒரு படகு என்ஜின்

சல்லிக் கிராமத்திலிருந்து திருகோணமலை நகருக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன் இருக்கையில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவரும் அவருடைய அக்காவும். அக்காவின் மடியில் கிளினிக் கொப்பி.

"என்ர படகு என்ஜினை உங்கட குசினிக்குள்ள, அடுப்புக்குப் பக்கத்தில வைச்சுப் பூட்டுங்கோ, அக்கா," என்றார் அவர். போனைப் பார்த்துக்கொண்டிருந்த நான் அதை அணைத்துவிட்டேன்.

"ஏனடா தம்பி? ஈரலுக்கு மருந்து எடுக்கிறதுக்கும் என்ஜினுக்கும் என்ன?"

"ஹெப்படைட்டிஸ் சி குளிசை மூண்டு மாசம். மனம் ஏறி இறங்கிறதுக்கு நான் போடுற பைபோலார் குளிசையோட அது ஒத்துவராதாம். முதல்ல பைபோலார் குளிசையை மாத்தவேணும் எண்டு டொக்டர் சொன்னவர்."

"வேற நல்ல குளிசைதானே தருவினம்."

"புதுசு பிடிக்காட்டி? போனமுறை அந்தக் குளிசையை நானாய் விட்டனான். மூண்டு நாள் நித்திரை இல்லை. ஆனா அப்பிடி ஒரு சந்தோசம். தனியக் கடலுக்குப் போனனான். படகின்ர முன் அணியத்தில நீங்கள் இருந்து, இன்னும் போ, இன்னும் போ எண்டு சொன்னீங்கள்."

"நான் கரையில நிண்டு குளறிக்கொண்டெல்லோ இருந்தனான்!"

"ஓம். அதுவும் கேட்டது."

அக்கா மடியிலிருந்த கொப்பியை விரித்துப் பார்த்தார்.

"அப்ப இண்டைக்கு டொக்டரிட்டை ஏலாது எண்டு சொல்லப்போறியோ?"

"இல்லை. ஓம் எண்டுதான் சொல்லப்போறன். ஈரலை இப்பிடியே விட ஏலாது. அந்த மாசங்களில நான் சிரிச்சுக்கொண்டு வந்து என்ஜினைக் கேட்டால் குடுக்காதேங்கோ. அது நானில்லை."

"நீ இல்லை எண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"

"நான் எண்டால் கேட்கமாட்டன்."