மலை வலியாக ஏழு கிலோமீட்டர்

— 'மலை வலியாக ஏழு கிலோமீட்டர் நடைப்பயணம்.' இதுக்கு நான் வரணுமா?

— அது அச்சுப்பிழைம்மா. வழியாக.

— இந்த நோட்டீஸ்லயே அது ஒண்ணுதான் உண்மை பேசுது. அறுபத்தெட்டு வயசுல மலை ஏறினா வலியாகத்தான் இருக்கும். நீ பிசியோதெரபி பண்றவ, ஊரார் முட்டியை மடக்கி நீட்டிப் பொழைக்கறவ. உனக்கென்ன, திரும்பி வந்ததும் ஒரு கேஸ் கூடும்.

— முழுசா படிம்மா. குறையை அப்புறம் சொல்லலாம்.

— தலைப்பைத் தாண்டவே முடியலடி. 'பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும்: பண்பாட்டு சாகசப் பயணம்.' சாகசம்னா என்னன்னு இவனுக்குத் தெரியுமா? எங்க பிரஸ்ல ஒருத்தியை சாகசக்காரின்னு சொன்னா, மயக்கம் போட்டு விழுந்து லீவு வாங்கறவன்னு அர்த்தம்.

— நீ புரூஃப் பார்க்கறதை விட்டு எட்டு வருஷமாச்சு. இன்னும் வீட்டுக்கு வர கல்யாணப் பத்திரிகையைக் கூட சிவப்பு மையால திருத்திட்டிருக்க.

— திருத்தற மாதிரியே எழுதறான், நான் என்ன பண்றது. இதைப் பாரு. 'குயவர் வீட்டில் ஒரு நாள் வாழ்ந்து பாருங்கள்.' அந்த மனுஷன் யாருக்கு என்ன பாவம் பண்ணினார்? காலையில சக்கரத்துல உட்கார்ந்தா, எதிர்ல பதினாறு பேர் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வரிசையா வாழ்ந்து பார்த்துட்டிருப்பாங்க.

— அவருக்கும் அதுல வருமானம்தானே.

— அதைச் சொல்லிட்டுப் போகட்டுமே. பண்பாடுங்கறான். அஞ்சாம் நாள் இன்னும் அழகு. கயிற்றுப் பாலத்துல அம்மாவும் பொண்ணும் கைகோத்து நடந்து மனம் விட்டுப் பேசணுமாம். அங்க நின்னு கீழ ஆத்தைப் பார்த்தா மனமா விடும்? பிடிதான் விடும்.

— நாம மனசு விட்டுப் பேசி எவ்வளவு நாளாச்சுன்னு தெரியுமா உனக்கு?

— ஞாயித்துக்கிழமை தவறாம வர. வந்ததும் என் பி.பி. பார்க்கற. ஃப்ரிட்ஜைத் திறந்து எது கெட்டுப் போச்சுன்னு மோந்து பார்க்கற. கேஸ் மூடியிருக்கான்னு திருகிப் பார்க்கற. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த ஆபீசர்கிட்ட யாருடி மனசு விட்டுப் பேசுவாங்க?

— பார்க்க வேண்டியிருக்கு. போன மாசம் வேற ஏதோ பஸ்ல ஏறி டிப்போ வரைக்கும் போயிட்ட. கண்டக்டர்தான் எனக்குப் போன் பண்ணினார். போன ஞாயிறு டீயில உப்பு.

— அவன் போர்டை மாத்தாம வண்டியை எடுத்துட்டான். உப்புக்கும் சர்க்கரைக்கும் ஒரே மாதிரி டப்பா வாங்கி அடுக்கினது நீ. ரெண்டுக்கும் குற்றவாளி நானா?

— கண் டாக்டர்கிட்ட மூணு தடவை டோக்கன் போட்டேன். மூணு தடவையும் நீ போகல.

— போன வருஷம் போனப்பவே கேட்டானே, இந்த வயசுல அப்படி என்ன படிக்கப் போறீங்கன்னு. முப்பத்தொரு வருஷம் பாடப் புத்தகம் புரூஃப் பார்த்த கண்ணு. அவன் படிச்ச புத்தகமே நான் பார்த்து அனுப்பினதா இருக்கும். அவன்கிட்ட காட்டறதுக்கு சும்மா இருக்கலாம்.

— நேராவே சொல்லிடறேன். நோட்டீஸ்ல இருக்கற கொட்டை எழுத்தைப் படிக்கறது கணக்கில்ல. உன் கண்ணு நல்லா இருந்தா பயணம். இல்லன்னா எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டு உன்னை என் ஃப்ளாட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். இனிமே இங்க தனியா விடறதா இல்ல.

— பத்தாவது மாடி. ஜன்னலைத் திறந்தா எதிர் பில்டிங்கோட ஏசி பொட்டிங்க. அங்க நான் யாரைக் குறை சொல்லிப் பொழுதைப் போக்குவேன்?

— என்னைச் சொல்லு. பழகினதுதானே.

— உன்கிட்ட இனிமே புதுசா என்ன இருக்கு.

— அதையெல்லாம் விடு. சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து போட்டுக் குடுக்கணும். டூர்காரங்க குடுத்த படிவத்துல பிழை இருக்குன்னு ரெண்டு வாரமா இழுத்தடிக்கற. நானே உட்கார்ந்து புதுசா டைப் அடிச்சுட்டேன். அவங்களும் சரின்னுட்டாங்க. இந்தா.

— நீயா? பத்தாங்கிளாஸ்ல 'அருவி'க்கு வல்லின று போட்டு அழுதவ.

— படிம்மா.

— ஜன்னலை மறைக்காத. அந்தப் பக்கம் நகரு.

— எதுக்கு தாளை அவ்வளவு தள்ளிப் பிடிக்கற?

— நீ டைப் அடிச்சதை மூக்குல ஒட்டிக்கிட்டா படிப்பாங்க?

— பத்து நிமிஷமாச்சும்மா. ஒரே ஒரு பக்கம்.

— எதையும் ரெண்டு தடவை படிக்கறது எங்க வழக்கம். உங்க பிசியோதெரபி ஆளுங்க மாதிரி தடவிப் பார்த்துட்டு விடறதில்ல.

— சரி. எப்படி இருக்கு?

— சுத்தமா இருக்கு. பேனாவைக் குடு.

— ஒண்ணுமே இல்லையா?

— இல்லன்னேனே.

— நல்லா பாத்தியா? மூணாவது வரியை இன்னொரு தடவை பாரு.

— வாழ்க்கையில முதல் தடவையா நீ எழுதினதை நல்லா இருக்குன்னு சொல்றேன். அதுக்கும் சண்டையா?

— அம்மா, அதுல நான் வேணும்னே பதினோரு தப்பு போட்டு வச்சிருந்தேன்.

— எனக்கே பரீட்சையா?

— என் மேல கோவப்படாத. வேற எப்படித் தெரிஞ்சுக்கறது? டாக்டர்கிட்ட வரமாட்ட, கேட்டா கேலி பண்ணுவ. உன் பேர்லயே ஒரு எழுத்தை முழுங்கியிருந்தேன். அதைக்கூட நீ பார்க்கலன்னா... தாளைக் குடும்மா. பயணம் வேண்டாம். அடுத்த வாரம் சாமானைக் கட்டிடலாம்.

— பன்னெண்டு.

— என்ன?

— பதினொண்ணு இல்ல. பன்னெண்டு. மூணாவது வரியில மருத்துவத்துக்கு வல்லின று. ஏழாவதுல பாலத்தைப் பாளமாக்கியிருக்க. எட்டுல ஒற்று தின்னுட்ட. 'கையெழுத்து'ங்கற வார்த்தையில சிறப்பு ழவைக் காணோம். என் பேரைக் கொன்னது முதல் வரியில. மத்ததையும் சொல்லணுமா?

— அப்போ... பன்னெண்டாவது எது? நான் எண்ணித்தான் போட்டேன்.

— கடைசிக் கட்டத்தைப் பாரு. ரெண்டு பேர்ல யாரை யார் பார்த்துக்கணும்னு கேட்டிருக்கான். பொறுப்பாளர்ங்கற இடத்துல என் பேரு, அவர் பொறுப்பில் வருபவர்ங்கற இடத்துல உன் பேரு. மாத்திப் போட்டுட்ட.

— அய்யோ, ஆமா. அது நான் வேணும்னு போடலம்மா. கவனிக்கவே இல்ல.

— தெரியும்.

— எல்லாத்தையும் பார்த்துட்டு எதுக்கு சுத்தமா இருக்குன்னு சொன்ன?

— திருத்த உட்கார்ந்தா ஒண்ணு விடாம திருத்தணும், அதான் எங்க தொழில். அந்தக் கடைசி ஒண்ணைத் திருத்த எனக்குக் கை வரலடி.