தெரியுதுன்னு சொன்னவன்

அலோ... அலோ, நித்தீஷ் அம்மாங்களா?... நான் மண்ணரையிலருந்து பிரதீப் பேசறேனுங்க. நேத்து பொழுதோட எங்கூட்டுக்காரி பூங்குழலிகிட்டப் பேசுனீங்களாமா... ஆமாங்க, ஆமாங்க, அந்த வீடியோவுல வர்ற ஆளேதான். லாரியில லோடு ஏத்தறப்ப விழுந்து முதுகுத்தண்டு போனவன்.

இல்லீங்க, அவ கம்பெனிக்குப் போயிட்டா. அவ இல்லாத நேரம் பாத்துத்தான் கூப்படறேன்... அக்கா, ஒண்ணு கேக்கறேன். என்னாட்டவே நடக்க முடியாமக் கெடக்கற பையனுக்கு ரெண்டாவது ஸ்டெம் செல் ஊசி போடறதுக்குத் தறிய விக்கறீங்களாமா?... இன்னைக்கு சாயங்காலமேவா... வேண்டாங்க. நிறுத்துங்க.

இல்லீங்க, டாக்டர் ஒண்ணும் சொல்லல, நாந்தான் சொல்றேன். என்ற வீடியோவப் பாத்துட்டுத்தானே மொத ஊசிக்கே போனீங்க?... ம்... ஆமாங்க, எனக்கு ஊசி போட்டு மூணாம் மாசம் எடுத்தது. டாக்டர் கால் கட்டவெரல்ல ஊசியில குத்தறாரு, நான் கண்ண மூடிட்டு 'தெரியுதுங்க, தெரியுதுங்க'ங்கறேன்... அது பொய்யிங்கக்கா.

அலோ?... இருக்கறீங்களா?

இருங்க, நான் சொல்லி முடிச்சிக்கறேன். இடுப்புக்குக் கீழ அன்னைக்கும் ஒண்ணும் தெரியல, இன்னைக்கும் தெரியல. பூங்குழலி எங் காலப் புடிச்சுட்டு நின்னா. அவரு குத்தறப்பவெல்லாம் அவ மூச்ச இழுக்கறா, வளவி சத்தம் கேக்குது. அத வச்சு சொல்லிப்போட்டேன்... ஏன்னு கேட்டா என்னன்னுங்க சொல்றது. பன்னெண்டு மணி நேரம் கம்பெனியில நின்னுபோட்டு வர்றவ, மூஞ்சி கூடக் கழுவாம எங் காலத் தொட்டுத் தொட்டு 'தெரியுதா மாமா, தெரியுதா மாமா'ங்கறா. எத்தன நாளைக்குத்தான் இல்லீன்னே சொல்லுவேன்.

திட்டுங்க... நல்லாத் திட்டுங்க, ஆரும் திட்டாமத்தான் இப்புடிக் கெடக்கறேன்... இல்லீங்க, அத செல்லுல போட்டு ஊரெல்லாம் அனுப்புவாங்கன்னு எனக்குத் தெரியாது. பெரியாசுபத்திரி டாக்டரம்மா மொதல்லயே சொன்னாங்க, இது இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்குது, நம்பிப் போவாதீங்கன்னு. நாங்கதான் கேக்கல.

பூங்குழலிகிட்டயா?... இன்னும் சொல்லலீங்க. வாய் வரமாட்டேங்குது. நீங்க சொல்லோணும்னா சொல்லிருங்க... ம். பரவால்லீங்க. அவளுக்கும் தெரியட்டும்.

என்னங்க?... நித்தீஷுக்கா? பாதம் சூடாத் தெரியுதுங்கறானா... எப்பச் சொன்னானுங்க?... போன வாரம். அவனே சொன்னானா?... சரி... சரிங்க.

அக்கா, கோவிச்சுக்காதீங்க. அவஞ் சொன்னப்ப நீங்க என்ன பண்ணீட்டு இருந்தீங்க?

...

அழுதுட்டு இருந்தீங்களா.

...

இல்லீங்க, நான் ஒண்ணும் சொல்லலீங்க. அவன் உங்களப் பாத்துட்டுத்தான... அக்கா, அழுவாதீங்க. வெசனப்படாதீங்கன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியத இருக்குது. ஆனாச் சொல்றேன், அவன் மேல கோவப்படாதீங்க. உங்க மேல இருக்கற பாசத்துல சொல்லீருக்கறான்...

எங்க போறீங்க?... வேண்டாங்க. அவனப் போயி எழுப்பாதீங்க. இப்பக் கேக்காதீங்கக்கா, அவனால இல்லீன்னு சொல்ல முடியாது... அக்கா, நாஞ் சொல்றதக் கேளுங்க...

...

கேக்குதுங்க. எனக்கும் கேக்குது. தெரியுதுன்னுதான் சொல்றான்.

அக்கா, அந்தத் தறிய... அலோ?... அலோ?