விளக்கில் சிவந்த வில்லை

என் பெயர் மட்டுவார்குழலி. வயது நாற்பத்தெட்டு. திருச்சி கே.கே. நகரில் குடியிருக்கிறேன். கல்லூரி ஒன்றில் இயற்பியல் பேராசிரியர். அருமண் தனிமங்களைச் சிறிதளவு கலந்து கண்ணாடி உருக்கி, அது வெளியிடும் ஒளியை அளப்பது என் ஆய்வு. யூரோப்பியம் கலந்த கண்ணாடி பார்வைக்கு நிறமற்று இருக்கும். புற ஊதா விளக்கின் கீழ் சிவப்பாக ஒளிரும்.

எங்கள் கண்ணாடி வில்லைகளைப் பெரிய கடைவீதி அருகே கல் தீட்டும் ஜமாலிடம் கொடுத்து மெருகேற்றுவது வழக்கம். சென்ற வாரம் அவரிடமிருந்து வந்த வில்லை ஒளிரவில்லை. என் ஆய்வு மாணவி ஜென்சி யூரோப்பியம் சேர்க்க மறந்துவிட்டார் என்று முடிவு செய்தேன். "நான்தான் எடை போட்டுச் சேர்த்தேன், மேடம்" என்றார் அவர். நம்பாமல் மறுபடி உருக்கச் சொன்னேன்.

அதன் பிறகு இன்று காலை இந்தக் காவல் நிலையத்திலிருந்து ஜமால் தொலைபேசியில் பேசினார். ஸ்ரீரங்கம் லக்ஷ்மணன், தம் வீட்டுப் பெருமாளின் பதக்கத்துக்காக மெருகேற்றக் கொடுத்த ஸ்படிக வில்லையை எடுத்துக்கொண்டு கண்ணாடியைக் கொடுத்துவிட்டதாக ஜமால் மீது புகார் அளித்திருந்தார். நகைக்கடையில் கள்ளநோட்டுப் பார்க்கும் விளக்கின் கீழ் வில்லை சிவந்ததாம்.

"மேடம், உங்க கண்ணாடி உங்ககிட்ட எரியுதா?" என்று ஜமால் கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப என் மானம் உங்க மேசை மேலதான் இருக்கு" என்றார். இரண்டும் ஒரே அளவாக இருந்ததால் ஒரே தட்டில் அரக்கு வைத்து ஒட்டி, சேர்த்துத் தேய்த்ததாகவும், கழற்றும்போது மாறியிருக்கலாம் என்றும் சொன்னார்.

அதன் பிறகு என்னிடமிருந்த வில்லையைக் காற்றிலும் நீரிலும் எடை பார்த்து, அதன் அடர்த்தி ஸ்படிகத்துடையது என்று உறுதி செய்துகொண்டு, புற ஊதாக் கைவிளக்குடன் இங்கு வந்து, உதவி ஆய்வாளர் சித்ராதேவி முன்னிலையில் இரண்டு வில்லைகளையும் விளக்கில் காட்டினேன். லக்ஷ்மணன் வைத்திருந்தது சிவந்தது. நான் கொண்டுவந்தது சிவக்கவில்லை.

"விளக்கெல்லாம் நேக்குப் புரியாது" என்ற லக்ஷ்மணன், இரண்டையும் மாற்றி மாற்றி மூடிய இமைமேல் வைத்துப் பார்த்தார். "இதுதான் ஜில்லுன்னு இருக்கு. எங்காத்துப் பெருமாளோடது இதுதான்" என்று நான் கொண்டுவந்ததை எடுத்துக்கொண்டார். அதுவும் சரியான சோதனையே. ஸ்படிகம் கண்ணாடியைவிட விரைவாக வெப்பத்தைக் கடத்தும்.

"செவந்தப்போ பெருமாளே பிரசன்னமாயிட்டார்னு கன்னத்துல போட்டுண்டேன், பாய். அப்புறம்தான் கடைக்காரன் கண்ணாடின்னான்" என்றார்.

"கும்பிட்டதும் கும்பிட்டுட்டு, புகாரும் கொடுத்தீங்களே சாமி" என்று ஜமால் சொல்ல, சித்ராதேவியும் சிரித்துவிட்டார். லக்ஷ்மணன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஜமால் கண்ணாடி வில்லையைத் தம் சட்டை நுனியால் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

அதன் பிறகு ஜென்சியை அழைத்து, மறுபடி உருக்க வேண்டாம், அவர் முதலில் உருக்கியதே சரி என்றேன். "எவ்வளவு சிவப்பு, மேடம்?" என்று கேட்டார். வந்து அளந்து சொல்கிறேன் என்றேன்.

பிறர் சொல்லி அறிந்ததை அப்படியே குறித்திருக்கிறேன்; மற்றவை நானே செய்ததும் கண்டதும். வாசித்துக் காட்டினார்கள், எல்லாம் உண்மை.

(ஒப்பம்) மட்டுவார்குழலி