முனியாண்டி கோயில் மதிலோரம் இனி யார் நிற்பது?

கிண்ணத்தைக் கண்ணாகக் காத்துவரும் குழுத் தலைவர் சிவசிதம்பரம் ஐயா அவர்களே, ஆட்டம் பார்க்க வந்து ஆட்டக்காரரையே ஆட்டிவைக்கும் ரந்தாவ் தோட்டத்துப் பெரியோர்களே, தலைக்கு மேல் பந்து பறந்தாலும் பதறாமல் குழம்பைக் கிண்டும் தாய்மார்களே, பின்வரிசையில் மோட்டார் சைக்கிளை அணைக்காமல் நிற்கும் தம்பிமார்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

“அணைச்சாச்சுண்ணே, பேசுங்க லா.”

நன்றி தம்பி. நான் ஷங்கர். கோல்ஃப் திடலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பார்க்கும் டெக்னீஷியன். ஏழாவது குழியருகே, முனியாண்டி கோயில் மதிலோரம் நின்று, பந்து எங்கே விழுந்தது என்று கொடி காட்டியவள் என் மனைவி ரோகினி. தைப்பூசம் முடிந்து காலமானாள். அவள் இடத்தில் கேமரா வைக்கலாமா என்று குழு என்னைக் கேட்டிருக்கிறது. அதற்குப் பதில் சொல்லத்தான் மேடையேறினேன். பதிலுக்கு முன் ரந்தாவ் கிண்ணம் என்ற நம் கோல்ஃப் போட்டியின் வரலாறு.

முதல் கிண்ணத்தை வென்றவர் யார்? ஆஸ்திரேலியாவின் கால்டர். அவர் அடித்த பந்து எங்கே விழுந்தது? முனியாண்டியின் காலடியில். அவர் ஓடிவந்தபோது அது எந்தக் கோலத்தில் இருந்தது? புல்வெட்டப் போன நம் பெண்கள் விபூதி பூசி, பொட்டு வைத்து, செம்பருத்தியும் சூட்டியிருந்தார்கள். பூசாரி அமிர்தலிங்கம் சொன்னார், “சாமி எடத்துல விழுந்தது சாமிக்குத்தான் தொரை. நீங்க வேற போட்டுக்குங்க.”

அதுவே விதியாயிற்று. மதிலுக்கு உள்ளே என்றால் பந்து சாமிக்கு. ஆட்டக்காரர் தண்டமின்றி வேறு பந்து வைக்கலாம். வெளியே என்றால் இடுப்புயர லாலாங் புல்லுக்குள் நின்று போராட வேண்டியதுதான். அடுத்து வென்ற தாய்லாந்துக்காரர் இதைத் தெரிந்துகொண்டு கோயிலைக் குறிவைத்தே அடித்தார். நாம் கோபப்பட்டோம். முனியாண்டி கோபப்படவில்லை, அவருக்குப் பந்து வந்ததே.

பிறகு வந்தார் நம் பிள்ளை தர்மேந்திரன். கடைசி நாள், சமநிலை, பந்து கோயிலை நோக்கிப் பறக்கிறது. தோட்டமே “உள்ள, உள்ள” என்று கத்தியது. ரோகினி வெளியே என்று கொடி காட்டினாள். ஒரு ஜாண்தான். ஒரே அடியில் கிண்ணம் போயிற்று. அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு முறுக்குகூட வரவில்லை. தலையைக் குனியாதீர்கள், நான் மறந்துவிடவில்லை. அவளிடம் கேட்டேன், “கொஞ்சம் உள்ள காட்டியிருக்கக் கூடாதா?”

“நீங்க பம்பப் பாருங்க. நான் பந்தப் பாக்குறேன்” என்றாள்.

மறுவருடம் அதே இடம், அதே ஆட்டக்காரர். உள்ளே என்று கொடி காட்டினாள். கிண்ணம் நமக்கு. எதிர்த்து ஆடியவர்களில் ஒருவராவது மறுத்தாரா? முந்தைய வருடம் அவள் காட்டிய கொடியை அவர்களும் பார்த்திருந்தார்கள் அல்லவா?

கேமராவா? அரை மணி நேரத்தில் மாட்டிவிடுவேன். கம்பமும் கம்பியும் என் தொழில். கேமரா பொய் சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன். பொய் சொல்ல அதற்கு ஆசை வந்தால்தானே? ஆசை இருந்தும் சொல்லாத ஒருத்தி நின்ற இடம் அது. அங்கே ஆசை இருக்கிற ஒருவர்தான் நிற்க வேண்டும்.

ஆகவே, அன்றைக்கு ரோகினியை ஆக அதிகமாக ஏசியவர் நிற்கட்டும். தர்மேந்திரனின் தாயார், மயிலம்மாள் அத்தை.

“என்னையவா? ஏன் தம்பி, அந்தப் பகைய இன்னும் வச்சிருக்கியா?”

பகையில்லை அத்தை. பக்கத்து ஊர் ரெம்பாவ் வரைக்கும் கேட்கிற குரல், வீணாகலாமா?

“என் மவன் பந்து வெளிய விழுந்தா?”

வெளிய காட்டணும் அத்தை.

சபையோரே, சற்றுப் பொறுங்கள். அத்தை தன் மகனைப் பார்க்கிறார்.

“காட்டுறேன். டேய் தர்மா, நேரா அடிக்கப் பாரு.”

தலைவர் ஐயா, கேமரா பெட்டியிலேயே இருக்கட்டும். மதிலோரம் வெயில் அதிகம். அத்தைக்கு ஒரு குடை நட்டுவைக்கிறேன். சிரித்தும் சகித்தும் கேட்ட உங்களுக்கு என் நன்றி. கொடி எந்தப் பக்கம் காட்டினாலும் இந்தத் தீபாவளிக்கு அத்தை வீட்டுக்குப் பலகாரம் போக வேண்டும் என்று கேட்டு விடைபெறுகிறேன், வணக்கம்.