பத்தாயிரம் பேரைத் தாங்கும் கிளினிக்

நான் கடையில் சட்டை வாங்கிப் பல வருடங்கள் ஆகின்றன, இன்ஸ்பெக்டர் மேடம். புரோகிராமர்கள் மாநாட்டுக்குப் போனால் ஆளுக்கொரு டி-ஷர்ட் தருவார்கள். இப்போது போட்டிருப்பதும் அப்படி வந்ததுதான். முதுகில் 'உடைத்துப் பார், கற்றுக்கொள்' என்று எழுதியிருப்பதை நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அளவுக்கு அது ஒன்றுதான் மிச்சமிருந்தது.

கேட்டதற்கு வருகிறேன். என் தங்கை வீட்டுக்காரர் பல் டாக்டர். அவருடைய கிளினிக்குக்கு வெப்சைட் செய்து கொடுத்தவன் நான். அவர் கேட்டது ஒரே பக்கம்: போன் நம்பர், திறந்திருக்கும் நேரம், சிரிக்கிற வாய் ஒன்று. ஒரு மத்தியானத்தில் முடிகிற வேலை. முடித்தும் விட்டேன். அதோடு கையைக் கழுவியிருந்தால் நீங்களும் இந்நேரம் வேறு உருப்படியான வேலை பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மாநாடுகள் என்னைக் கெடுத்தன என்று சொல்ல மாட்டேன். வளர்த்தன. போன மாநாட்டில் நாம் கற்றுக்கொண்டதெல்லாம் காலாவதியாகிவிட்டது என்று மேடையில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வார். நாங்கள் கை தட்டுவோம். வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளையின் சைட்டைப் பிரித்துப்போட்டுப் புதிதாகக் கட்டுவேன். நெட் இல்லாத இடத்திலும் திறக்கும்படி ஒரு தடவை. நோயாளியின் முறை வந்ததும் அவர் போன் அதிரும்படி ஒரு தடவை. கடைசியாக, ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேர் வந்து பல்லுக்கு நேரம் கேட்டாலும் அசையாமல் நிற்கும்படி கட்டினேன். கிளினிக்கில் இருந்தது ஒரே நாற்காலி.

மாப்பிள்ளை தங்கமான மனுஷர். ஒவ்வொரு தடவையும், "மச்சான், போன் நம்பர் எங்க போச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க" என்பார்.

அந்தப் பத்தாயிரத்தைப் பற்றி மேடையில் பேச வேண்டும் என்பது என் ஆசை. வருடக்கணக்காகக் கீழே உட்கார்ந்து கை தட்டியவனுக்கு, ஒரு நாளாவது மேலே நிற்கத் தோன்றாதா? விண்ணப்பித்தேன். தேர்வுக் குழுவிலிருந்து ஒரு பெண்மணி மரியாதையாகப் போன் செய்து, நிஜத்தில் எத்தனை பேர் உபயோகிக்கிறார்கள் என்று கேட்டார். ஒரு நாளைக்கு ஐந்தாறு பேர் என்றேன். அதில் ஒருத்தி என் தங்கை, சைட் திறக்கிறதா என்று பார்க்க வருகிறவள் என்பதைச் சொல்லவில்லை. மெஷினை வைத்துப் பொய்யான ஆட்களை அனுப்பிக் கூட்டம் காட்டுவது எங்கள் தொழிலில் உண்டு. அந்த அம்மா அதையும் கரைத்துக் குடித்தவர். நிஜமான மனிதர்கள் நிஜமான தேவையோடு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று போனை வைத்துவிட்டார்.

அவர் சொன்னது நியாயம். ஏமாற்றுவது எனக்கும் பிடிக்காது. அதனால்தான் நிஜமாகவே செய்தேன்.

மாநாட்டுக் கூடங்களில் கம்பெனிகள் ஸ்டால் போட்டு, தங்கள் பெயர் அச்சடித்த மிட்டாயைக் கூடை கூடையாக வைத்திருக்கும். வாயில் போட்டால் மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கட்டிவிடும் ரகம். பெரியவர்கள் தொடுவதில்லை. மிஞ்சியதை எடுத்துக்கொள்கிறேன் என்றால் கார் வரை தூக்கிவந்து வைப்பார்கள். இன்னொரு வெப்சைட் செய்தேன். அழகான சைட், நானே சொல்லக் கூடாது. நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான். குழந்தை அதை அமுக்கி விலாசத்தைச் சொன்னால், காலையில் தபால் பெட்டியில் ஒரு பை மிட்டாய். பள்ளிக்கூடச் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டியதும் நான்தான். காலையில் நடக்கச் சொல்லி டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். பை போடுகிற சாக்கில் அதுவும் நடந்தது. பிள்ளைகள் படுக்கப் போகும்போது, இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறதே என்று சைட் செல்லமாக ஞாபகப்படுத்தும். பல் தேய்த்த பிறகு. அந்த நேரத்தைச் சரியாகப் பிடிக்க நிறையப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது.

குடியிருப்புச் சங்கத்தின் அன்பளிப்பு என்று பெற்றோர்கள் நினைத்துக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. அவர்களாகப் பார்த்து நினைத்துக்கொண்டது.

பொறுமை வேண்டியிருந்தது. பல் என்ன கம்ப்யூட்டர் சர்வரா, தட்டினதும் விழுவதற்கு? ஆனால் விழ ஆரம்பித்ததும், கிளினிக் சைட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டும் என் வரைபடத்தில் கோடு ஏணி மாதிரி ஏறியது. கிளினிக்கின் மாடிப்படியெல்லாம் பிள்ளைகள். மாப்பிள்ளைக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டது. மிட்டாய் தின்கிறீர்களா என்று கேட்டால், ஒன்றே ஒன்று என்று எல்லாப் பிள்ளைகளும் சத்தியம் செய்தார்கள். குழந்தைகளை நம்புகிற மனுஷர் அவர். தண்ணீரில்தான் கோளாறு என்று குடிநீர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஒரு நாள், சின்னப் பிள்ளை ஒன்றுக்கு மறுபடியும் பல்லைப் பிடுங்கிவிட்டுப் பின்னறையில் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து, "உங்க சைட்டு மட்டும் இல்லேன்னா நான் படுத்திருப்பேன் மச்சான்" என்றார். என் தொழிலில் யாரும் என்னை இவ்வளவு மனதாரப் பாராட்டியதில்லை.

குழு சம்மதித்துவிட்டது. பெரிய அரங்கம், முக்கால் மணி நேரம். திரையில் காட்ட ஒரு போட்டோ எடுக்கத்தான் நேற்று கிளினிக்குக்குப் போனேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நெருங்கி உட்காரச் சொன்னேன். அம்மாக்களும் ஒத்துழைத்தார்கள். அழாத பிள்ளைகளை முன்னால் நிறுத்தலாமா என்று ஒரு அப்பா கேட்டார். அழுகிறவர்களே இருக்கட்டும் என்றேன்.

அப்போது தங்கை மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். என் உயிர். பல்லில் பொட்டுக் கறுப்பு கிடையாது. வந்தவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"மாமா, காலையில நீங்க எல்லார் வீட்டுலயும் மிட்டாய் போடுறீங்கல்ல, நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். நானும் தினம் பட்டனை அமுக்குறேன். எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் போட மாட்டேங்கிறீங்க?"

உதடு பிதுங்கியிருந்தது. அவள் அழுதால் எனக்குத் தாங்காது. குனிந்து தலையைத் தடவிக் கொடுத்தேன்.

"உன் பல்லு கெட்டுப்போயிடும்ல கண்ணு" என்றேன்.

நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்த பிள்ளைகூட அழுகையை நிறுத்திவிட்டது. மாப்பிள்ளை பல் பிடுங்கும் இடுக்கியோடு திரும்பினார். மச்சான் என்று கூப்பிடவில்லை.

"அப்போ உங்களுக்குத் தெரியும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அம்மாக்கள் என்ன சொன்னார்கள் என்பது என் முகத்தைப் பார்த்தாலே உங்களுக்குப் புரியும்.

ஆமாம் மேடம், நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் தங்கை வீட்டு வாசலில் மட்டும் ஒவ்வொரு காலையும் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, மனசு வராமல், அதைப் பக்கத்து வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தவன் நான் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். குழந்தைகள் என்றால் எனக்கு அவ்வளவு பிரியம்.