வாசல் காவலை விட்டு ஆலயத்துக்குள் போனது பற்றி

பெயர் ஷாகிர். தகப்பனார் பெயர் முஹ்ஸின். வயது நாற்பத்தொன்று. பாக்தாத், தோரா பகுதி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உள்ள வீட்டில் குடியிருப்பு. தனியார் பாதுகாப்பு நிறுவனத்தில் காவலாளியாக இருந்தேன், இப்போது நீக்கப்பட்டு விசாரணைக் காவலில் இருக்கிறேன். வாசலை விட்டு நகர்ந்து, நிறுவனத்தின் குண்டு துளைக்காத வண்டியைத் திருடர்கள் கொண்டுபோக வழிவிட்டேன் என்ற குற்றச்சாட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. விசாரணை நீதிபதி அவர்கள் முன் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வதாவது:

மார் ஸாவா ஆலயத்தின் பாதிரியார் யூனான் அவர்களைக் கொல்லப்போவதாக மதிலில் தாள் ஒட்டப்பட்டதால், ஊரை விட்டுப் போன அவருடைய சபையார் வெளிநாட்டிலிருந்து எங்கள் நிறுவனத்தை அமர்த்தினார்கள். எல்லாரையும் போல நானும் அவரை அபூனா, அதாவது எங்கள் தந்தையே, என்றுதான் கூப்பிடுவேன். என் மூத்த மகன் பெயரை வைத்து அவர் என்னை அபூ மைஸம் என்பார். நான் முஸ்லிம், இன்றும் முஸ்லிம்தான். ஆலயத்துக்கு வருகிற எவரையும் உடல் சோதனை செய்யாமல் விடக் கூடாது என்பது நிறுவன உத்தரவு. பெண்களைச் சோதிக்கப் பெண் காவலாளி இல்லாததால் பெண்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். அதன் பிறகு ஆண்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அதன் பிறகு அபூனா வீடு வீடாகப் போய்ப் பார்க்க விரும்பியதால், உத்தரவுப்படி வண்டியில் கூட்டிப் போனோம். அந்த வண்டி எந்த வீட்டு முன் நின்றாலும் அது கிறிஸ்தவர் வீடு என்று தெருவுக்கே தெரிந்துவிடும். நோயாளிக்குச் செபம் சொல்லி எண்ணெய் பூசப் போன ஒரு வீட்டில் கதவைத் திறக்காமலே ஒரு பெண், “அபூனா, உங்க கையில முத்தம் வச்சுக் கேக்குறேன், போயிடுங்க. நீங்க வந்துட்டுப் போனா நாளைக்கு நாங்க இங்க இருக்க முடியாது” என்றார். அபூனா எண்ணெய்ச் சிமிழைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். அதன் பிறகு எந்த வீட்டுக்கும் போகவில்லை.

மற்ற காவலாளிகளை நிறுவனம் வேறு இடத்துக்கு மாற்றியதால் நானும் அவரும் மட்டும் இருந்தோம். மதியத்தில் வெண்டைக்காய்க் குழம்பு வைத்து எனக்கும் கொண்டுவருவார். ஒருநாள், “அபூ மைஸம், நீ ஊர்கிட்டேருந்து என்னைக் காப்பாத்துறியா, என்கிட்டேருந்து ஊரைக் காப்பாத்துறியா?” என்றார். “ரெண்டுக்கும் சேத்துத்தான் நிக்கச் சொல்லியிருக்காங்க, அபூனா” என்றேன். சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

அவர்கள் சபை வழக்கப்படி பாதிரியார் தனியாகப் பூசை செய்யக் கூடாது, அவர் சொல்லும் செபங்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஆளாவது வேண்டும். ஞாயிறுதோறும் பூசை உடுப்பு போட்டு முதல் பெஞ்சில் காத்திருந்து, யாரும் வராமல், உடுப்பைக் கழற்றி மடித்து வைப்பார். வாசலிலிருந்து எனக்கு அது தெரியும். என்னால் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

சம்பவத்தன்று உடுப்போடு வாசலுக்கே வந்தார். “யாராச்சும் வந்தாங்களா?” என்றார். “பூனைகூட வரல” என்றேன். அவர் திரும்பிப் போகவில்லை. குளிரில் அங்கேயே நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

“நான் பதில் சொன்னா செல்லுமா?”

“நீ முஸ்லிம்யா.”

“அது எனக்கும் தெரியும். செல்லுமான்னுதான் கேட்டேன்.”

“தெரியல” என்றார். “ஆனா உள்ள ஒரு ஆள் இருக்கும்.”

அதன் பிறகு வண்டிச் சாவியைக் காவல் அறையிலேயே விட்டுவிட்டு, துப்பாக்கியை ஆலயக் கதவுக்கு வெளியே சாய்த்து வைத்து உள்ளே போனேன். முன்பு ஆட்கள் வந்த நாட்களில் வாசலிலிருந்து கேட்டுக் கேட்டு, பதில்கள் எனக்குப் பாதி தெரியும், மீதியை அவர் மெல்லச் சொல்லிக் கொடுத்தார். “உங்கள் எல்லாரோடும் சமாதானம்” என்று கைகளை விரித்துச் சொன்னபோது திரும்பிப் பார்த்தேன், அத்தனை பெஞ்சுகளும் காலி. அவருக்காக உரக்கவே பதில் சொன்னேன். அவர் எனக்கு அப்பம் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் அப்பத்தை உயர்த்தியபோது வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. எங்கள் வண்டிதான் என்று தெரிந்தது. நான் ஓடினால் அவர் பாதியில் தனியாக நிற்பார் என்று ஓடவில்லை. வண்டியை எடுத்துப் போனவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு வந்த காவல் அதிகாரியிடம் அபூனா, ஜெனரேட்டரைப் பழுதுபார்க்கத் தாம் என்னை உள்ளே கூப்பிட்டதாகச் சொன்னார். நான் சொல்லச் சொல்லவில்லை. பூசையில் பதில் சொன்னது என் தெருவில் தெரிந்தால் என் பிள்ளைகளை உயிரோடு விடமாட்டார்கள் என்றுதான் அப்படிச் சொன்னார். ஜெனரேட்டரில் பழுதே இல்லை என்று நிறுவனத்தார் காட்டிவிட்டார்கள். இப்போது அவரும் திருடர்களோடு சேர்ந்தவர் என்று வழக்கில் சேர்க்கப் பார்க்கிறார்கள். மனைவி மக்களை ஹில்லாவில் மாமனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டதால் இன்று உண்மையைச் சொல்கிறேன்.

நிறுவனம் ஆலயக் காவலை விலக்கிக்கொண்ட பிறகு, விசாரணைக் காவலில் இருந்த என்னைப் பார்க்க அபூனா நடந்தே வந்தார். பூசை நடக்கிறதா என்று கேட்டேன்.

“ரெண்டு கிழவிங்க வர்றாங்க. வாசல்ல சோதிக்கத்தான் ஆள் இல்லையே” என்றார்.

“அப்ப பூசை நடக்குதுதானே, அபூனா?”

“இல்ல. அதிகாரிகிட்ட பொய் சொல்லியிருக்கேன். அதை வேறொரு பாதிரியார்கிட்ட சொல்லி மன்னிப்பு வாங்காம என்னால பூசையில நிக்க முடியாது. ஆத்துக்கு இந்தப் பக்கம் வேற பாதிரியார் யாரு இருக்கா? வண்டியில்லாம ஆத்தைத் தாண்டிப் போகவும் எனக்கு வழியில்ல. போன்ல சொல்லவும் கூடாது.”

வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுகிறாராம்.

எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். என் நன்மையை நினைத்து அவர், ‘ஆலயத்துக்குள் இருந்தேன்’ என்று மட்டும் எழுதியிருந்தார். அப்படியே விட்டால் பாதிரியார் எதற்காகப் பொய் சொன்னார் என்பது தெரியாமல் போகும் என்று நான் சொன்னதால், ‘பூசையில் பதில் சொன்னேன்’ என்று என் வேண்டுகோளின்பேரில் திருத்தப்பட்டது. திருத்திய இடத்தில் தனியாகவும், கீழேயும் கையெழுத்திட்டிருக்கிறேன். சொன்னதெல்லாம் உண்மை.

(ஒப்பம்) ஷாகிர் முஹ்ஸின்