யார் கட்டின சேலை

"செத்தவங்க சேலையான்னு கேக்குறாங்கடி!"

பின் சீட்டிலிருந்து அந்தக் குரல் வந்தபோது எங்கள் கறம்பக்குடி பஸ் திருவரங்குளத்தைத் தாண்டியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். இரண்டு இளம்பெண்கள். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் கடை போட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது. காலடியில் இரண்டு பெரிய பைகள் நிறையப் பழைய சேலைகளில் தைத்த குர்தாக்கள்.

"நீ என்ன சொன்ன, செல்வி?"

"எல்லாம் உசுரோட இருக்கவங்க குடுத்ததுதான், நல்லாத் தொவச்சுத்தான் தைச்சோம்னேன். அந்தக்கா குர்தாவக் கீழ வச்சுட்டு, கையத் தொடச்சுக்கிட்டுப் போயிருச்சு."

"ஒரு மேடம் நம்மளப் பாராட்டுனாங்களே, பூமிக்கு நல்லது செய்றீங்கன்னு."

"போட்டோ எடுத்துக்கிட்டாங்க. ஒண்ணும் வாங்கலயே."

பிறகு செல்விதான் மெதுவாக ஆரம்பித்தாள்.

"கவிதா, நான் திங்கக்கிழமை திருப்பூர் போறேன். எங்க அத்த அங்க ஒரு கம்பெனில சொல்லி வச்சிருக்காங்க."

"என்ன வேல?"

"தையல்தான். புதுத்துணி."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது.

"ஒன் மிஷினு எங்க வீட்டுலல்ல கெடக்கு. வந்து எடுத்துக்கிறியா?"

"வேணாம், அங்கிட்டே இருக்கட்டும். அப்பப்ப எண்ணெ மட்டும் போட்டு ஓட்டி வையி. துருப்புடிச்சுறக் கூடாது."

"போடுறேன்" என்றாள் கவிதா.